பார்த்துத்தானே வாங்குகிறார்கள்?

கேள்வி: நாய்க்குட்டி, பூனைக்குட்டிகளை இணைய வரி விளம்பரங்கள் மூலம் விற்பதை விலங்கு ஆர்வலர்கள் எதிர்க்கிறார்கள். வாங்குபவர் நேரில் போய்ப் பார்த்துத்தானே வாங்குகிறார்? இதில் வதை எங்கே வந்தது?

பதில்: 'பார்த்துத்தானே' என்று எழுதியிருக்கிறீர்கள். எதைப் பார்க்கிறார்? குளிப்பாட்டித் துடைத்து, கழுத்தில் ரிப்பன் கட்டிய ஒரு குட்டியை, பல நேரங்களில் வழியில் நிறுத்திய காரின் பின்கதவைத் திறந்து, ஐந்து நிமிடம் பார்க்கிறார். அதை ஈன்ற தாயை அவர் பார்ப்பதில்லை. இந்த வியாபாரத்தின் கொடுமையெல்லாம் அந்தத் தாயின் உடம்பில்தான் இருக்கிறது.

கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் இனத்தைச் சேர்ந்த லூசி என்ற நாய், குட்டி போடுவதற்கென்றே நாய்களை அடைத்துவைத்திருந்த, பிரிட்டனின் வேல்ஸ் பகுதிப் பண்ணை ஒன்றிலிருந்து 2013-ல் மீட்கப்பட்டது. கூண்டிலேயே கிடந்ததில் அதன் முதுகெலும்பு வளைந்து, இடுப்பு மூட்டுகள் இறுகிப்போயிருந்தன. அதன் குட்டிகளை வாங்கியவர்கள் குட்டிகளைப் பார்த்திருப்பார்கள். லூசியைப் பார்த்திருக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 முதல் நடப்பிலிருக்கும் சட்டத்துக்கு அந்த நாயின் பெயரே வழங்குகிறது. ஆறு மாதம் நிறையாத நாய், பூனைக் குட்டிகளை இடைத்தரகர் விற்கக் கூடாது. வளர்த்தவரே விற்க வேண்டும், நாய்க்குட்டியானால் பிறந்த இடத்தில் தாயோடு சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது அங்குள்ள விதி.

நோயும் கண்ணுக்குத் தெரிவதில்லை. குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் தொற்றிய நாய்க்குட்டியிடம் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் வரை எந்த அறிகுறியும் இராது. அந்த இடைவெளியில் கைமாறும் குட்டி வாலை ஆட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வரும். பிறகுதான் தீனியை மறுப்பதும் வாந்தியும் இரத்தக் கழிச்சலும். குட்டி எட்டு வாரமாவது தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்க வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக்கூட அது கடிபட்ட உடன்பிறப்பு கத்துவதிலிருந்துதான் கற்றுக்கொள்கிறது. சின்னஞ்சிறிதாக இருந்தால் சீக்கிரம் விலைபோகும் என்று, பல்கூடச் சரியாக முளைக்காததைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

சென்ற மாதம் இப்படியொரு விளம்பரத் தளத்தை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். மூன்று விளம்பரங்கள், மூன்று இனங்கள், விற்பவர் பெயரும் மூன்று. ஆனால் மூன்று படங்களிலும் குட்டி உட்கார்ந்திருந்தது அதே நீலப் பூப்போட்ட விரிப்பில். ஓரத்தில் அதே தீய்ந்த ஓட்டை. "எங்கள் வீட்டு நாய் ஈன்றது" என்ற வாசகமும் மூன்றிலும் இருந்தது.

தளங்களைக் கேட்டால், "நாங்கள் இடம் மட்டும்தான் தருகிறோம்" என்கிறார்கள். பத்திரிகை நடத்துகிறவன் என்ற முறையில் இந்தச் சாக்கை நான் என்றைக்கும் ஏற்றதில்லை. காசு வாங்கிக்கொண்டு வெளியிடுகிறவனுக்கு, யார் தருகிறார், எதைத் தருகிறார் என்று விசாரிக்கும் கடமை உண்டு. விற்பவரின் அடையாளம், உரிமம் தேவைப்படும் இடத்தில் அதன் எண், குட்டியின் வயது, தாயோடு எடுத்த படம் ஆகியவை இல்லாத விளம்பரத்தை ஏற்காதிருக்க அவர்களால் முடியும். முழுத்தடையை நான் கேட்கவில்லை. கைவிடப்பட்ட விலங்குகளுக்குக் காப்பகங்கள் வீடு தேடுவதும் இணையத்தில்தான்.

நீங்கள் வாங்கப் போகிறீர்கள் என்றால், தாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால், குட்டி அதனிடம் ஓடுகிறதா, அதன் மடியில் பால் கொடுத்த தடம் இருக்கிறதா என்று கவனியுங்கள். வேறொரு நாயைக் கொண்டுவந்து நிறுத்துவதும் நடக்கிறது.