மான் வேட்டைக்கு முதல் வில்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஸ்காபரோவில் இருக்கிறேன். வேலையிடத்து நண்பருடன் வருகிற இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்குப் போக எண்ணம். வேட்டைக் கல்விப் பயிற்சி முடித்துவிட்டேன். இழு எடை (நாணை இழுக்கத் தேவையான பலம்) 70 இறாத்தலுக்குக் குறைந்த கம்பவுண்ட் வில், அதாவது முனைகளில் சக்கரம் பூட்டிய வில், மானுக்குப் போதாது என்கிறார் நண்பர். இரண்டு வில் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கடையில் புதியது, குறிகாட்டி, அம்புத் தாங்கி எல்லாம் பூட்டியபடி 800 டொலர். மற்றது ஒருவர் பாவித்தது, ஐந்து வருடப் பழசு, நொடிக்கு 340 அடி வேகமாம், 600 டொலர். என் உயரம் 5 அடி 7 அங்குலம். எதை வாங்கலாம்?

பதில்: முதலில் ஓர் அளவுநாடாவை எடுங்கள். சுவரோடு முதுகை ஒட்டி நின்று, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மற்ற நடுவிரல் நுனிவரை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். வருவதை 2.5 ஆல் வகுத்தால் உங்கள் இழு நீளம், அதாவது நாணை முழுதாக இழுக்கும் தூரம், ஏறத்தாழக் கிடைக்கும். உங்கள் உயரத்துக்கு அது 27 அங்குலத்தை ஒட்டி இருக்கும். சாதாரண வில்லை எந்த இடத்திலும் இழுத்து நிறுத்தலாம். கம்பவுண்ட் வில்லில் இரு முனையிலும் இருக்கிற கேம் சக்கரங்கள் ஓர் இடத்தோடு சுழல்வதை நிறுத்திவிடும். அந்த இடம் உங்கள் உடம்புக்குப் பொருந்த வேண்டும். ஒரு அங்குலம் கூடினாலே உடம்பு பின்னால் சாயும், வில் பிடித்த கை விறைக்கும், நாண் முன்னங்கையில் அடிக்கும்.

ஆகவே பழைய வில்லை விற்பவரிடம் முதல் கேள்வி, இது எத்தனை அங்குலத்துக்குப் பூட்டியிருக்கிறது என்பது. சில வில்களில் ஒரு திருகாணியைத் தளர்த்தி நீளத்தை மாற்றலாம். சிலவற்றுக்கு உங்கள் அளவுக்கான கேமையோ அதன் சிறு பாகத்தையோ தனியே வாங்க வேண்டும். ஐந்து வருடப் பழைய வில்லுக்கு அது கிடைக்குமா என்று கடையில் விசாரித்த பிறகே விலை பேசுங்கள். 29 அங்குலத்தில் இருக்கிற வில்லை, “பழகினால் சரியாகிவிடும்” என்று யார் சொன்னாலும் வாங்க வேண்டாம். இன்னொன்று: வலக்கை வில்லா இடக்கை வில்லா என்பதை எழுதுகிற கையை வைத்து மட்டும் முடிவு செய்யாமல், உங்கள் எந்தக் கண் முந்திக் குறி பார்க்கிறது என்றும் சோதியுங்கள்.

அடுத்தது 70 இறாத்தல். உங்கள் நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் இதில் அவரோடு நான் உடன்படவில்லை. ஒன்ராறியோ விதிப்படி மான் வேட்டைக்கான வில், 700 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைந்த இழுப்பில் குறைந்தது 18 கிலோ, அதாவது 40 இறாத்தலை ஒட்டிய எடை காட்ட வேண்டும். மூஸ் என்கிற பெரிய மான், கரடி போன்றவற்றுக்கு 22 கிலோ. 50, 55 இறாத்தல் சட்டத்துக்கும் மானுக்கும் தாராளமாகவே போதும்.

நான் முதலில் வாங்கியது 70 இறாத்தல் வில். கடையில் நின்றுகொண்டு நாலைந்து தரம் இழுத்தேன், முடிந்தது. நவம்பரில் மரத்தில் கட்டிய இருக்கையில் இரண்டு மணி நேரம் குளிரில் உட்கார்ந்திருந்தபோது பெட்டை மான் ஒன்று 20 யார்ட் தூரத்துக்கு வந்தது. விறைத்த தோளால் நேராக இழுக்க முடியவில்லை. வில்லை வானத்தை நோக்கித் தூக்கி, கீழே இறக்கியபடி இழுத்தேன். மான் அந்த அசைவைக் கண்டு ஓடிவிட்டது. ஓடியதே நல்லது என்று இன்றும் நினைக்கிறேன். அந்த நடுங்கும் கையோடு விட்டிருந்தால் அம்பு நுரையீரலில் படாமல் வயிற்றில் பட்டிருக்கும். வயிற்றில் அடிபட்ட மான் உடனே சாகாது, மணிக்கணக்கில் வேதனைப்படும்.

அதனால் கடையில் இப்படிச் சோதியுங்கள். ஒரு கதிரையில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையிலிருந்து சற்றுத் தூக்கி, வில்லை இலக்கை நோக்கி நேரே நீட்டி, மேலே தூக்காமல் மெதுவாக இழுங்கள். முடிந்தால் அந்த எடை உங்களுடையது. முடியாவிட்டால் ஐந்து இறாத்தல் குறையுங்கள். முழுதாக இழுத்ததும் கேம் சுழன்று பாரத்தின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். இதைத்தான் லெட்-ஓஃப் என்கிறார்கள். 55 இறாத்தல் வில்லில் லெட்-ஓஃப் 80 சதவீதம் என்றால், மான் திரும்பும்வரை நீங்கள் தாங்கி நிற்பது 11 இறாத்தல் மட்டுமே.

அந்த 340 அடி கணக்கையும் பார்த்துவிடுவோம். விளம்பர வேகத்தை வழக்கமாக 70 இறாத்தல், 30 அங்குல இழுப்பு, 350 கிரெயின் (அம்பின் எடையை அளக்கிற சிறிய அலகு) எடையுள்ள இலேசான அம்பு என்ற அளவில் எடுப்பார்கள். இழுப்பு ஒரு அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ 10 அடி வேகம் போகும். எடை குறைந்தாலும் போகும், அம்பின் பாரம் கூடினாலும் போகும். உங்கள் 27 அங்குலம், 55 இறாத்தல், வேட்டைக்கு உகந்த 420 கிரெயின் அம்பு என்று வைத்தால் கையில் வருவது 250 அடியை ஒட்டித்தான் இருக்கும். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. கிரெயினை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 450,240 ஆல் வகுத்தால் அம்பின் ஆற்றல் 58 அடி-இறாத்தல் வருகிறது. அம்பு தயாரிக்கிற ஈஸ்டன் நிறுவனத்தின் அட்டவணை மானுக்குச் சொல்வது 25 முதல் 41 வரைதான்.

வேகத்தை விட நான் காசு கொடுப்பது அமைதிக்கு. 30 யார்ட் தூரத்தை 250 அடி வேக அம்பு கடக்க 0.36 நொடி ஆகும். நாண் அதிரும் ஓசை 0.08 நொடியில் மானின் காதுக்குப் போய்விடும். மிச்சமுள்ள நேரத்தில் பதற்றமான மான் குனிந்து பாய ஆயத்தமாகிவிடும், அம்பு முதுகுக்கு மேலால் போகும் அல்லது தவறான இடத்தில் படும். 40 அடி வேகம் கூட இருந்தாலும் ஓசையை முந்த முடியாது. இரண்டு வில்லையும் அருகருகே எய்து, காதால் கேட்டு ஒப்பிடுங்கள். கூடவே, பிடியிலிருந்து நாண்வரை உள்ள இடைவெளி ஆறு அங்குலத்துக்குக் கீழே இருந்தால் யோசியுங்கள். அந்த வகை வேகமானது, ஆனால் கையின் சிறு பிழையையும் மன்னிக்காது.

பழைய வில்லை நேரில் பார்க்கப் போனால் ஒரு பஞ்சு உருண்டை கொண்டு போங்கள். வளையும் பட்டைகளின் ஓரமெல்லாம் அதைத் தடவுங்கள், நார் சிக்கினால் பட்டை வெடித்திருக்கிறது. கேமின் பள்ளத்தில் வளைவோ கீறலோ, அச்சில் ஆட்டமோ இருக்கிறதா? அம்பில்லாமல் நாணை விட்டிருந்தால் இப்படி ஆகும், வெளியே தெரியாத சேதமும் இருக்கலாம். விற்பவர், “ஒரே ஒரு தடவை தவறி விட்டேன்” என்று சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள். நாணில் பிசிறு தெரிந்தால் நாணையும் கேபிள்களையும் மாற்ற 150 முதல் 250 டொலர் போகும். இரண்டு மூன்று வருடத்துக்கொருமுறை எப்படியும் மாற்ற வேண்டியதுதான். உத்தரவாதமும் பெரும்பாலான நிறுவனங்களில் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே. இதையெல்லாம் கூட்டினால் 600 டொலர் வில் 800ஐத் தொட்டுவிடும்.

என் முடிவு: கடையில் உள்ள புதிய வில். பேர் நிறுவனத்தின் குரூசர், டயமண்டின் எட்ஜ் போன்ற வரிசைகளில் இழு நீளமும் எடையும் பெரிய இடைவெளியில் மாற்றக்கூடியவை. 45இல் தொடங்கி, தோள் பழகப் பழக 55க்கு ஏற்றலாம். ஆனால் அந்த 800இல் அம்பும் நாணை விடுகிற ரிலீசும் பெரும்பாலும் சேராது. அம்பு ஆறு, பிளேட் முனைகள், ரிலீஸ், பயிற்சி இலக்கு என்று இன்னும் 300 டொலராவது எடுத்து வையுங்கள். முனை 22 மில்லிமீற்றருக்குக் குறையாத அகலமும் குறைந்தது இரண்டு கூரான வெட்டும் ஓரங்களும் உள்ளதாக இருக்க வேண்டும் என்பதும் ஒன்ராறியோ விதிதான். கோடைக்குள் வாங்கிவிடுங்கள், ஒக்டோபருக்கு முந்திய வாரம் வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போக வேண்டாம். 20 யார்டில் உங்கள் அம்புகள் எல்லாம் ஒரு தேநீர்த் தட்டுக்குள் நிற்கும்வரை மானைக் குறி பார்க்காதீர்கள்.

கேள்வி: திருச்சியில் இருக்கிறேன். இந்த வகை வில்லை இங்கே வாங்கிக் காட்டுப்பன்றி, முயல் அடிக்கலாமா?

பதில்: கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை குற்றம், துப்பாக்கி இல்லாமல் வில் என்பதால் விலக்கு எதுவும் கிடையாது. இலக்கில் எய்வதற்கு வாங்கலாம், வாங்குங்கள். 2023இல் பெர்லினில் இந்தியாவின் அதிதி சுவாமியும் ஓஜஸ் தேவ்தலேயும் உலகப் பட்டம் வென்றது கம்பவுண்ட் வில்லில்தான். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டியும் சேர்ந்திருக்கிறது. போட்டி விதிப்படி உச்ச எடை 60 இறாத்தல், ஆகவே 70 இறாத்தல் வேட்டை வில்லை இறக்குமதி செய்ய வேண்டாம். மேலே சொன்ன இழு நீளக் கணக்கு உங்களுக்கும் அப்படியே பொருந்தும்.