பள்ளத்தில் கருகிய சோலைக் கன்றுகள்

கேள்வி: ஊட்டி பக்கம் எங்களுக்கு அரை ஏக்கர். மேலே சரிவு, கீழே ஓடையோரப் புல்வெளி. ஜூனில் சோலைக் கன்றுகள், அதாவது இந்த மலைக்காட்டுக்கே உரிய மரக்கன்றுகள், நட்டோம். தை பிறந்ததும் பள்ளத்தில் இருந்தவை கருகிவிட்டன. சீகை (வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில்) மரத்தடியில் நட்டவை மட்டும் தளதளவென்று நிற்கின்றன. மண்ணில் கோளாறா? உரம் போடலாமா?

பதில்: உரம் வேண்டாம், இது உறைபனி. மேகமில்லாத இரவில் தரை சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது; தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஜனவரியில் தேயிலைத் தோட்டங்களைப் பாருங்கள், மேட்டில் பச்சை, தாழ்வில் துரு நிறம். உங்கள் கன்றுகளுக்கும் அதே கதைதான். சீகையின் கிளைகள் தரைச்சூடு வானத்துக்குப் போகாமல் மறிக்கின்றன, உறைந்த இலைமேல் காலை வெயில் நேராக விழாமலும் தடுக்கின்றன. சந்தேகமிருந்தால் ஒரு வெப்பமானியைப் புல் மட்டத்தில் வைத்து விடியற்காலையில் பாருங்கள். திண்ணையில் மாட்டினால் உதவாது. அங்கே 3 டிகிரி காட்டும்போதே புல் உறைந்திருக்கும்.

எல்லா மரமும் பனியில் கருகுவதில்லை. புல்வெளியில் தனியாக நிற்கும் காட்டுப்பூவரசின் (ரோடோடென்ட்ரான் மரம்) இலையை மடித்துப் பாருங்கள். தோல் மாதிரி தடிமன், அடியில் பழுப்புப் படலம். பட்டையும் கனம், புல்லில் தீ ஓடினாலும் தப்பும். இப்படி இலை கட்டுவது செடிக்குப் பெருஞ்செலவு, அதனால் வளர்ச்சி மெதுவு. சோலைக்குள் நிழலில் வளர்வதோ அகன்ற மெல்லிய இலை விட்டு வெளிச்சத்தைப் பிடிக்கிறது. வெளியே கொண்டுவந்தால் ஒரே பனியில் முடிந்தது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று ஜெயிக்க முடியாததால்தான் இரண்டும் ஒரே மலையில் பிழைக்கின்றன.

சரி, இனி நடுவது எப்படி? பள்ளத்தைப் புல்லுக்கே விட்டுவிடுங்கள். அதைத் தரிசு என்று நினைத்து மரம் நட்டுத்தான் இந்த மலை பாதி கெட்டது; ஓடைக்கு நீரைப் பிடித்து வைப்பதும் அந்தப் புல்தான். வெயில் படும் விளிம்பில் காட்டுப்பூவரசு, தவிட்டுப்பழம். நாவல் வகைகளும் காட்டுச் செண்பகமும் சீகை நிழலில். எல்லாம் ஜூன் மழையிலேயே, கலந்து நடுங்கள்.

சீகையை ஒரேயடியாக வெட்டிவிடாதீர்கள். கன்று இடுப்புயரம் தாண்டியபின் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளை கழியுங்கள். மரத்தையே எடுப்பதானால் மலைப்பகுதிகளுக்கு 1955-இலிருந்து மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, முதலில் வனத்துறையில் கேட்டுவிடுங்கள். வெட்டிய இடத்தில் சீகை முளை கிளம்பிக்கொண்டே இருக்கும், அதன் விதை மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும், சின்னதிலேயே பிடுங்குங்கள்.

அப்புறம், கருகிய கன்றுகளை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். அடித்தண்டை நகத்தால் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் கோடை மழைக்குத் தளிர்க்கும்.