கேள்வி – பதில்: டீசல் வெல்டிங் செட் பராமரிப்பு

கேள்வி: கட்டடம் நடக்கும் இடங்களுக்கே போய் கேட், கிரில், ஷெட் வேலை செய்து கொடுப்பதற்காகப் பழைய டீசல் வெல்டிங் செட் (டீசல் என்ஜினும், அது சுழற்றும் வெல்டிங் ஜெனரேட்டரும் சேர்ந்தது) ஒன்றை வாங்கியிருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்று விற்றவர் சொன்னார். அது சரிதானா? வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும்?
– பெருந்துறை வாசகர்

பதில்: மாதக் கணக்கை விட்டுவிட்டு, மீட்டர் காட்டும் மணிக்கணக்கைப் பின்பற்றுங்கள். இவ்வகை டீசல் என்ஜின்கள் பலவற்றுக்கு 250 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். சிறிய என்ஜின்களுக்கு இது இன்னும் குறைவாக இருக்கும் என்பதால், உங்கள் என்ஜினின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. தினமும் எட்டு மணி நேரம் ஓடும் செட் 250 மணியை ஏறத்தாழ ஒரு மாதத்திலேயே தாண்டிவிடும். விற்றவர் சொன்னபடி மூன்று மாதம் விட்டால், 600 மணிக்கு மேல் ஓடிக் கறுத்துப்போன ஆயிலில்தான் என்ஜின் உழன்றுகொண்டிருக்கும். பழைய செட் என்பதால், முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்று விசாரித்துக்கொண்டிருக்காமல், இப்போதே ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றிவிட்டு அன்றைய மீட்டர் எண்ணை டேங்கின் மேல் பெயின்ட்டால் எழுதி வைத்துவிடுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில், கூலன்ட், டீசல் மூன்றையும் பார்ப்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் செட் டிராலியில் சாய்ந்து நிற்கும்போது டிப் ஸ்டிக் காட்டும் அளவு பொய்யானது. சமதளத்தில் நிறுத்திய பிறகே பார்க்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றுவதும் கெடுதல்தான். டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் இருந்தால், அதன் திருகைத் தளர்த்தித் தேங்கிய நீரை அடிக்கடி வடித்துவிடுங்கள். வேலை முடிந்ததும் மாலையிலேயே டேங்கை நிரப்பி வைத்தால், இரவுக் குளிரில் டேங்கின் உட்சுவரில் நீர் கோத்து டீசலில் இறங்குவது குறையும்.

ஏர் ஃபில்டரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வெல்டிங் நடக்கும் இடத்தில் கிரைண்டரும் ஓடும். அதிலிருந்து பறக்கும் இரும்புத் தூளையும் கட்டடத்தின் சிமென்ட் தூசியையும் என்ஜின் உள்ளே இழுக்கிறது. அடைத்துப்போன ஃபில்டரைத் தரையில் தட்டுவதும், கம்ப்ரஷர் காற்றை முழு வேகத்தில் பீய்ச்சுவதும் நம் ஊரில் வழக்கம். இரண்டிலும் காகித மடிப்பு கிழியும். சுத்தம் செய்தபின் இருட்டான இடத்தில் ஃபில்டருக்குள் டார்ச்சை விட்டுப் பாருங்கள். ஊசிமுனை அளவு ஒளி நேராக வெளியே தெரிந்தாலும் அந்த ஃபில்டர் உதவாது, ஏனெனில் அந்த ஓட்டை வழியே போகும் தூள் பிஸ்டன் ரிங்கைத் தேய்த்து, புதிய ஃபில்டரின் விலையைப் போலப் பல மடங்கு செலவை வைத்துவிடும்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்பவர்கள்கூடக் கைவிடுவது ஜெனரேட்டர் பக்கத்தை. என்ஜின் மெக்கானிக் அதைத் தொடமாட்டார், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதோ நின்றுபோன பிறகுதான். குளிர்விக்கும் விசிறி இழுத்துவரும் அதே இரும்புத் தூள் காயிலின் மேல் படிந்து, மழைக்கால ஈரத்தோடு சேர்ந்தால் இன்சுலேஷனைக் கெடுக்கும். என்ஜினை நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிய பின், நீர் கலவாத காற்றைக் குறைந்த அழுத்தத்தில் ஊதித் தூளை வெளியேற்றுங்கள். தூசி மிகுந்த இடமென்றால் மாதம் ஒருமுறை. முடிந்தவரை கிரைண்டரைச் செட்டின் காற்று வாங்கும் பக்கத்தில் வைக்காதிருப்பது அதைவிட நல்லது. வெல்டிங் கேபிளின் நுனியில் இருக்கும் உலோக இணைப்பு முனைகளான லக்குகளையும் பாருங்கள்: லக்கை ஒட்டிய ரப்பர் கெட்டிப்பட்டு நிறம் மாறியிருந்தால், இணைப்பு தளர்ந்து அங்கே சூடேறுகிறது என்று பொருள்.

கேள்வி: மழைக்காலம் முழுவதும் நிறுத்தி வைத்திருந்த செட்டை இப்போது எடுத்தோம். என்ஜின் நன்றாக ஓடுகிறது, ஆனால் ராடை வைத்தால் ஆர்க் பிடிக்கவே இல்லை. காயில் எரிந்துவிட்டதா?
– தூத்துக்குடி வாசகர்

பதில்: அவசரப்பட்டு ரீவைண்டிங்குக்கு அனுப்பாதீர்கள். முதலில் எர்த் கிளாம்ப்பையும் ராடைப் பிடிக்கும் ஹோல்டரையும் பாருங்கள். கடற்கரைக் காற்றில் அவை பச்சை பூத்திருக்கக்கூடும். அவை சரியாக இருந்து, உங்கள் செட் கார்பன் பிரஷ் உள்ள வகையானால், அடுத்த சந்தேகம் பிரஷும், அது உரசி மின்சாரம் கடத்தும் சுழலும் வளையமான ஸ்லிப் ரிங்கும்தான். பிரஷ் தேய்ந்து குட்டையாகியிருக்கலாம், அல்லது பிரஷ் ஹோல்டரில் இறுகிக்கொண்டு ரிங்கைத் தொடாமல் நிற்கலாம். ரிங்கில் படிந்த மங்கலை மிக நுண்ணிய மணல் காகிதத்தால் துடைக்கலாம். எமரித் துணி மட்டும் வேண்டாம், அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. இவற்றிலும் குறை இல்லையென்றால், நீண்ட நாள் ஓடாததால், ஜெனரேட்டரின் சுழலும் பகுதியான ரோட்டரில் தங்கியிருக்கும் சிறு காந்தத்தன்மை போயிருக்கலாம். பேட்டரி மின்சாரத்தைச் சில விநாடிகள் செலுத்தி அதை மீட்கலாம் என்றாலும், முனை மாறினால் கன்ட்ரோல் போர்டு கெட்டுவிடும் என்பதால், அனுபவமுள்ள எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள். இனி வேலை இல்லாத காலத்திலும் செட்டை அவ்வப்போது இயக்கி, சிறிது நேரமாவது ராடு எரித்துப் பாருங்கள்.

கேள்வி: அடிக்கடி ஸ்டார்ட் செய்தால் செல்ஃப் கெட்டுவிடும் என்று, சாப்பாட்டு நேரத்திலும் எங்கள் ஆட்கள் செட்டை ஓடவிடுகிறார்கள். இது சரியா?
– ஓசூர் வாசகர்

பதில்: சரியில்லை. லோடு இல்லாமல் நெடுநேரம் ஓடும் டீசல் என்ஜினில் வெப்பம் போதாமல் எரிபொருள் முழுவதும் எரியாது. மிச்சம் கரியாகப் படியும், சைலன்சர் மூட்டில் கறுப்பு எண்ணெய்க் கசிவு தெரியும், வீணாகும் டீசல் தனிக் கணக்கு. உங்கள் செட்டில் ஆட்டோ ஐடில் (வெல்டிங் நடக்காதபோது என்ஜின் வேகத்தைத் தானே குறைக்கும் வசதி) இருந்தால், அது சிறு இடைவெளிகளுக்கு மட்டுமே. கனமான வேலைக்குப் பிறகு மூன்று முதல் ஐந்து நிமிடம் லோடு இன்றி ஓடவிட்டுச் சூடு தணிந்ததும் அணைத்துவிடுங்கள். சாப்பாட்டுக்கு ஒருமுறை அணைத்து ஏற்றுவதால் செல்ஃப் கெட்டுப்போகாது.