விரால்தானா, வேறு மீனா?

கேள்வி: வர்ஜீனியாவில் போட்டோமாக் ஆற்றோடு சேரும் ஓர் ஓடையில் பாஸ் மீனுக்குத் தூண்டில் போட்டேன். இரண்டடி நீளத்தில் நம்மூர் விரால் போலவே ஒன்று மாட்டியது. முதுகு நெடுக ஒரே துடுப்பு. இது என்ன மீன்? இதனால் பாஸ் அழிந்துவிடும் என்கிறார்களே?

பதில்: இரண்டில் ஒன்றாக இருக்கும். விராலுக்குப் பங்காளியான வடக்குப் பாம்புத்தலை மீன், அல்லது அமெரிக்காவின் சொந்த மீனான போஃபின். நிறத்தை நம்பாதீர்கள்; மீனைப் புரட்டி வயிற்றுப் பக்கம் பாருங்கள். ஆசனவாய்க்குப் பின்னால் உள்ள அடித்துடுப்பு, முதுகுத் துடுப்பில் பாதிக்கு மேல் நீண்டு ஓடினால் பாம்புத்தலை. கையகலத்துக்குள் முடிந்துவிட்டால் போஃபின். சோடியாக இருக்கும் வயிற்றுத் துடுப்புகள் பாம்புத்தலைக்கு மார்புத் துடுப்புகளை ஒட்டியே இருக்கும். போஃபினுக்கு நடுவயிற்றில் இருக்கும். இன்னும் சந்தேகமா? கீழ்த்தாடையின் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே விரலால் அழுத்துங்கள். கெட்டியான எலும்புத் தகடு தட்டுப்பட்டால் சந்தேகமே இல்லை, போஃபின்தான். வாலடியில் கரும்புள்ளி இல்லை என்பதை மட்டும் வைத்துப் பாம்புத்தலை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெண் போஃபினுக்கு அது மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும். இந்தத் தவற்றால் எத்தனையோ போஃபின்கள் வீணாகச் சாகின்றன. போஃபின் என்றால் தயவுசெய்து ஆற்றிலேயே விட்டுவிடுங்கள்.

பாம்புத்தலை போட்டோமாக்கில் முதலில் அகப்பட்டது 2004இல். பாஸ் துடைத்தெறியப்படும் என்ற அன்றைய பயம் இதுவரை பலிக்கவில்லை. பாம்புத்தலையின் வயிற்றை அறுத்துப் பார்த்தவர்கள் அதிகம் கண்டது கில்லிஃபிஷ் என்ற பொடிமீனைத்தான். முட்டையிடும் இடத்துக்கும் போட்டியில்லை: பாஸ் தரையைச் சுத்தம் செய்து குழி பறிக்கும், பாம்புத்தலையின் முட்டைகள் பாசிக்கு நடுவே மிதக்கும். அதன் குஞ்சுகளைப் பாஸும் தின்னும். ஆனாலும் ஆழமில்லாத பாசிப் பகுதியில் இரண்டும் ஒரே இரையைத்தான் தேடுகின்றன. அதனால் பாம்புத்தலை பெருகப் பெருக உரசல் கூடும், அலட்சியம் கூடாது.

பாம்புத்தலைதான் என்றால், எடுத்துக்கொள்வதாயிருந்தால் அங்கேயே கொன்றுவிட்டு, மாநில மீன்வளத் துறைக்குத் தெரிவியுங்கள். உயிரோடு வண்டியில் ஏற்றுவது சட்டப்படி குற்றம். ஐஸ் பெட்டியில் போட்டால் செத்துவிடும் என்று எண்ண வேண்டாம். சந்தையில் ஈரச்சாக்கின் மேல் கிடந்தே உயிர் பிடித்திருக்கும் விராலைப் பார்த்திருப்பீர்களே, இதுவும் அதே போல் காற்றைச் சுவாசிப்பது. இரு பக்கச் செவுள்களையும் வெட்டி, குடலை எடுத்துவிடுங்கள். முள் குறைவு, கெட்டியான வெள்ளைச் சதை. விரால் குழம்பு வைக்கும் அதே கைப்பக்குவம் இதற்கும் பொருந்தும்.