டிபி மாத்திரையோடு ‘ரத்தக்குழாய் டானிக்’ எதற்கு?

குலசேகரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் கணவருக்கு நுரையீரல் டிபி; மாத்திரை மூன்றாம் மாதம் ஓடுகிறது. “ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, அதைத் திறந்துவிட்டால் இத்தோடு மாத்திரையை நிறுத்தலாம்” என்று வீடு தேடி வந்து ஒருவர் டானிக் விற்கிறாராம். வாங்கலாமா?

வாங்காதீர்கள் சகோதரி. அவர் சொல்வதில் அரை உண்மை இருப்பதால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். கிருமியைச் சுற்றி உடம்பு ஒரு கட்டியை எழுப்பும். அதன் ஓரத்தில் புதுக் குழாய்கள் முளைக்கும். ஆனால் கோணல்மாணலாக, கசிந்துகொண்டு. எவ்வளவு முளைத்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத கதைதான். கட்டியின் நடுப்பகுதி ரத்தமின்றித் தயிர்க்கட்டி போலாகிவிடும். அங்கே கிருமி தூங்கும், மருந்தும் மெதுவாகத்தான் போய்ச் சேரும். இருமல் நின்றுவிட்டாலும் மொத்தம் ஆறு மாதம் விழுங்கச் சொல்வது இதனால்தான்.

2015இல் டிபி உள்ள முயல்களுக்கு பெவாசிசுமாப் என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அது குழாயை விரிக்கும் மருந்தே அல்ல. தாறுமாறாக முளைப்பதை அடக்குவது. குழாய்கள் சீரானதும் கட்டிக்குள் ஆக்சிஜன் கூடியது. இது இன்னும் ஆராய்ச்சிதான், டானிக் பாட்டிலுக்குள் வந்துவிடவில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் அந்தப் பாட்டிலின் லேபிளில் உரிம எண்கூட இல்லை.

இந்த டானிக் ஆட்கள் எப்படி உள்ளே வருகிறார்கள்? “மாத்திரை வரவில்லை, அடுத்த வாரம் வாங்க” என்று கூலி வேலைக்காரரைத் திருப்பி அனுப்புகிறோம். ஊட்டச்சத்துக்கு அரசு மாதம் 1000 ரூபாய் தரும் என்கிறோம், அது கணக்கில் ஏற மாதக்கணக்கில் அலைய விடுகிறோம். எனக்கு இதில் தாங்க முடியாத கோபம் உண்டு.

சரி, குழாயைப் பற்றி நிஜமாகவே பயப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. நோய் நுரையீரலில் குழி விட்டிருந்தால், அதன் சுவரில் ஓடும் குழாய் மெலிந்து புடைத்து வெடிக்கலாம். நோய் குணமாகி வருடங்கள் கழித்தும் இது நடக்கும். அப்போது சளியில் கிருமியே இல்லாமலும் இருக்கலாம். “பழைய டிபி திரும்பிவிட்டது” என்று நீங்களாக மாத்திரையை ஆரம்பிக்காதீர்கள். இருமலில் ரத்தம் கொட்டினால், நோயுள்ள பக்கம் கீழே இருக்கும்படி சரித்துப் படுக்கவைத்து, 108ஐ அழைத்து உடனே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கசியும் ரத்தக்குழாயை ஸ்கேனில் கண்டுபிடித்து, தொடை வழியாக மெல்லிய குழாய் செலுத்தி அடைக்க முடியும். நன்றாகக் கவனியுங்கள்: அங்கே செய்வது அடைப்பது, திறப்பதல்ல.