சிமென்ட் டம்பெல்லில் பைப் தனியாகச் சுற்றுகிறதா?

பிவிசி பைப் வைத்து வீட்டில் செய்த டம்பெல்லில் இரண்டு வாரத்திலேயே பைப் சுற்றுகிறது, ஒரு பக்கம் கனக்கிறது, கலவை தப்பா என்று கேட்டிருந்தீர்கள். பைப் சுற்றுவதற்குக் கலவை காரணமில்லை, குற்றம் பிவிசி பைப்பில். அதன் வழவழப்பில் சிமென்ட் பிடிக்காது. அதனால்தான் இரண்டு வாரத்தில் கழன்றுவிட்டது. பசை ஊற்றி ஒட்ட வேண்டாம். தலைக்கு மேல் தூக்கும்போது கழன்றால் ஆபத்து. உடைத்துவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

1 அங்குல ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), 33 செ.மீ. நீளம் எடுங்கள். இரு முனையிலிருந்தும் 4 செ.மீ. தள்ளித் துளையிட்டு, ஒவ்வொன்றிலும் 3 அங்குல போல்ட் ஒன்றைக் குறுக்கே செருகி நட்டு முடுக்குங்கள். சுற்றாமல் பிடித்துக்கொள்வது இதுதான்.

ஒரு பக்கத்துக்கு (2 லிட்டருக்குச் சற்றுப் பெரிய டப்பா, உள்ளே எண்ணெய் தடவியது): சிமென்ட் 750 கிராம், மணல் 1.5 கிலோ, பொடிச் சல்லி 2.25 கிலோ, தண்ணீர் 375 மி.லி. எல்லாவற்றையும் நிறுத்தே போடுங்கள். கரண்டிக் கணக்கில் போட்டதால்தான் உங்களுக்கு ஒரு பக்கம் கனத்தது. குழைவு போதவில்லை என்று தண்ணீரைக் கூட்டினால் விரிசல் விடும். குச்சியால் குத்திக் காற்றை வெளியேற்றினால் போதும்.

பைப் 10 செ.மீ. உள்ளே இறங்கட்டும். இரண்டு நாள் கழித்துக் கவிழ்த்து, இறுகிய பக்கத்தைச் செங்கல் அடுக்கின் மேல் தாங்கவைத்து மறுபக்கம் ஊற்றுங்கள். பிறகு ஈரச்சாக்கு சுற்றி 7 நாள் வைத்திருங்கள். மொத்தம் 10 கிலோவுக்குச் சற்று மேல் வரும்.