கோல்ஃப் ஜிடிஐ வாங்கலாமா, ஆடி எஸ்3-க்கே போய்விடலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. எனக்கு 33 வயது, சிங்கப்பூர் துவாஸில் பொறியாளர் வேலை. மனைவி தாதி, ஷிஃப்ட் மாறி மாறி வரும். இரண்டு வயதில் ஒரு பையன். இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 11,500 வெள்ளி. பொங்கோலில் நான்கறை பிடிஓ வீடு (வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவக-விடம் புதிதாக வாங்கியது), 2027 கடைசியில் எம்ஓபி, அதாவது விற்கும் முன் கட்டாயமாகக் குடியிருக்க வேண்டிய காலம், முடிகிறது, அதன் பிறகு வீட்டை விற்றுவிட்டு கொண்டோவுக்குப் போக ஆசை. ரொக்கமாக 130,000 வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறோம். கோல்ஃப் ஜிடிஐ 252,000 வெள்ளி, ஆடி எஸ்3 308,000 வெள்ளி என்று விலை சொன்னார்கள், இரண்டிலும் சிஓஇ (ஏலத்தில் எடுக்க வேண்டிய பத்தாண்டுக் கார் உரிமைச் சான்றிதழ்) 120,000 என்று வைத்துத்தான். விலைப் பட்டியலில் ஜிடிஐ-க்கு ஓஎம்வி (வரிக்கு முந்தைய இறக்குமதி மதிப்பு) 36,000, எஸ்3-க்கு 46,000 என்று இருக்கிறது. என் மச்சான், "இவ்வளவு போட்டு வெறும் ஃபோக்ஸ்வாகனா, கொஞ்சம் சேர்த்துப் போட்டு ஆடி எடு" என்கிறார். ஏழு வருடக் கடனில் மாதம் 470 வெள்ளிதான் கூட வருகிறது. எதை எடுக்கலாம்?

பதில்: இந்த இரண்டில் ஒன்றுதான் என்றால் ஜிடிஐ, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தம்பி, உங்கள் கடிதத்தில் என்னை உட்கார வைத்த வரி காரைப் பற்றியது கிடையாது, "2027 கடைசியில் எம்ஓபி" என்ற அந்த வரி. அதற்குக் கீழே வருகிறேன். முதலில் மச்சானுக்குப் பதில் சொல்லிவிடுவோம்.

இரண்டு காரும் ஒரே குடும்பம். எம்கியூபி என்ற ஒரே அடித்தளத்தில் கட்டியவை, இரண்டிலும் இருப்பது இஏ888 என்ற அதே 1984 சிசி டர்போ எஞ்சின், அதே டிஎஸ்ஜி வகை கியர்பாக்ஸ்தான், ஆடியில் அதற்குப் பேர் வேறு. ஜிடிஐ-யில் அந்த எஞ்சின் ஆண்டைப் பொறுத்து 245 அல்லது 265 குதிரைசக்தி தருகிறது, எஸ்3-இல் 300-க்கு மேல். ஜிடிஐ முன்சக்கர இயக்கம், எஸ்3 நான்கு சக்கரத்துக்கும் சக்தி அனுப்பும் குவாட்ரோ. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஜிடிஐ-க்கு ஆறு வினாடி பக்கம் ஆகும், எஸ்3 ஐந்துக்குள் போய்விடும். உள்ளே எஸ்3-இன் இருக்கையும் தையலும் ஒரு படி மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் விரைவுச்சாலையில் அதிகபட்ச வேக வரம்பே மணிக்கு 90, உட்லண்ட்ஸ் தாண்டி மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110. அந்த ஒரு வினாடியை வருடத்தில் எத்தனை முறை உபயோகிப்பீர்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இன்னொன்று, எஸ்3 ஸ்போர்ட்பேக்கில் பின்சக்கர இயக்கத்துக்கு இடம் கொடுத்ததால் பூட் ஜிடிஐ-யை விடச் சின்னது, பையனின் தள்ளுவண்டியைக் கொண்டுபோய் வைத்துப் பார்க்காமல் எதற்கும் தலையாட்டாதீர்கள். இரண்டும் 97 கிலோவாட்டுக்கும் 1600 சிசிக்கும் மேல் என்பதால் சிஓஇ-யும் ஒன்றுதான், பி பிரிவு. சாலை வரியும் சிசி கணக்கில் வருவதால் இரண்டுக்கும் வருடம் 1,194 வெள்ளி பக்கம்.

அப்படியானால் 56,000 வெள்ளி வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? கப்பலில் வந்து இறங்கும்போது இரண்டு காரின் மதிப்பிலும் உள்ள வித்தியாசம், அதாவது ஓஎம்வி வித்தியாசம், வெறும் 10,000. அதன் மேல் 20 விழுக்காடு கலால் வரி 2,000, அப்புறம் இரண்டுக்கும் சேர்த்து 9 விழுக்காடு ஜிஎஸ்டி 1,080. அடுத்தது ஏஆர்எஃப் என்ற கூடுதல் பதிவுக் கட்டணம், அங்கேதான் அடி. ஓஎம்வி-யின் முதல் 20,000-க்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000-க்கு 140, அதற்கடுத்த 20,000-க்கு 190 என்று ஏறிக்கொண்டே போகும். ஜிடிஐ-க்கு அது 42,400, எஸ்3-க்கு 59,400, ஆக இதிலேயே 17,000 வித்தியாசம். எல்லாம் கூட்டினால் 30,080. மீதி ஏறக்குறைய 26,000 விற்பனையாளரின் லாபம், புகை அளவுக்கான கூடுதல் கட்டணத்தில் வித்தியாசம் இருந்தால் அது, ஆடியின் வளையச் சின்னத்துக்கான விலை, இவைதான். 56,000 வெள்ளி கூடக் கொடுத்து 10,000 வெள்ளி அளவுக்குத்தான் கூடுதல் கார் வாங்குகிறீர்கள். இதை மச்சானிடம் காகிதத்தில் எழுதியே காட்டுங்கள், அவர் கெட்டவர் இல்லை, கணக்கைப் பார்த்தால் புரிந்துகொள்வார்.

"ஆடிக்கு ஸ்கிராப் மதிப்பு அதிகம்" என்று விற்பவர் சொல்லியிருப்பார். உண்மைதான், ஆனால் கொஞ்சம்தான். 2025-இல் இருந்த விதிப்படி பத்தாவது வருடத்தில் காரை ஒப்படைத்தால் ஏஆர்எஃப்-இல் பாதி திரும்ப வரும், ஜிடிஐ-க்கு 21,200, எஸ்3-க்கு 29,700. விலையிலிருந்து அதைக் கழித்துப் பத்தால் வகுத்தால் ஜிடிஐ வருடத்துக்கு 23,080 வெள்ளி தேய்கிறது, எஸ்3 27,830. இந்தத் திரும்பப் பெறும் தொகையையும் கல்லில் எழுதிய மாதிரி நம்பாதீர்கள், 2023 பட்ஜெட்டில்தான் அதற்கு 60,000 வெள்ளி என்று ஒரு உச்சவரம்பு வந்தது, 2026 பட்ஜெட்டில் புதிதாகப் பதிவாகும் கார்களுக்கு அந்தத் தொகையையே வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். கையெழுத்துப் போடுகிற அன்று நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடனுக்கு வருவோம். ஓஎம்வி 20,000-க்கு மேல் உள்ள காருக்கு விலையில் 60 விழுக்காடுதான் கடன் கிடைக்கும், அதிகபட்சம் ஏழு வருடம், இது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. 2.5 விழுக்காடு வட்டி என்று வைத்தால் ஜிடிஐ-க்கு மாதம் 2,115, எஸ்3-க்கு 2,585, நீங்கள் சொன்ன அதே 470 வித்தியாசம். அந்த 2.5 என்பது கார் கடனுக்கே உரிய தட்டை வட்டி, கடன் குறையக் குறைய வட்டி குறையாது, முழுத் தொகைக்கும் கடைசி வரை போடுவார்கள். வீட்டுக் கடன் வட்டியோடு ஒப்பிட வேண்டுமென்றால் அதை 4.7 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். முன்பணம் 40 விழுக்காடு, எஸ்3-க்கு 123,200. உங்கள் 130,000-இல் மிச்சம் 6,800 வெள்ளி. சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில், ஒருவர் வேலைக்கு ஏதாவது ஆனால் அதிக நாள் தாங்காத தொகை அது. எஸ்3 வேண்டாம் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும். ஜிடிஐ எடுத்தாலும் 29,200-தான் நிற்கும்.

மசேநிதி (மத்திய சேம நிதி) போக உங்கள் இருவர் கைக்கும் சேர்த்து மாதம் 9,200 பக்கம் வரும் என்று நினைக்கிறேன். பொங்கோலிலிருந்து துவாஸ் என்றால் தீவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை, பெட்ரோல் மாதம் 400, 500 வெள்ளி ஆகிவிடும். கூரையுள்ள வீவக கார்நிறுத்தத்துக்கு 110. காப்பீடு, ஈஆர்பி சாலைக் கட்டணம், சர்வீஸ் எல்லாம் சேர்த்தால் ஜிடிஐ மாதம் 3,000, எஸ்3 3,500 தின்னும். ஜோகூரில் மலிவாகப் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தால் அதை அழித்துவிடுங்கள், முக்கால் டாங்க் நிரப்பாமல் சோதனைச்சாவடியைத் தாண்டக் கூடாது, அந்தப் பக்கம் ரோன்95 என்ற மலிவுப் பெட்ரோல் வெளிநாட்டுக் கார்களுக்குக் கிடையாது.

இப்போது அந்த எம்ஓபி வரி.

2027-இல் கொண்டோவுக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது, டிடிஎஸ்ஆர் என்ற விதிப்படி உங்கள் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 11,500-இல் அது 6,325. கார் கடன் இல்லையென்றால் அந்த 6,325 முழுவதும் வீட்டுக்கு. வங்கி இந்தக் கணக்கைக் குறைந்தது 4 விழுக்காடு வட்டியில்தான் போடும், உண்மையான வட்டி அதைவிடக் குறைவாக இருந்தாலும் சரி. 30 வருடக் கடன் என்று வைத்தால் ஏறக்குறைய 1,325,000 வெள்ளி வரை கேட்க முடியும். ஜிடிஐ கடன் ஓடிக்கொண்டிருந்தால் அது 882,000 ஆகிவிடும். எஸ்3 என்றால் 783,000. அதாவது "470 வெள்ளிதான் கூட" என்று நீங்கள் எழுதிய அந்தத் தொகை கொண்டோ கடனில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் வெள்ளியைக் குறைக்கிறது, கார் என்ற ஒன்றே நாலே கால் லட்சத்துக்கும் மேல் குறைக்கிறது. அந்த முழு அளவுக்கும் கடன் வாங்குங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் எவ்வளவு வாங்குவது என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும், ஷோரூமில் போட்ட ஒரு கையெழுத்து முடிவு செய்யக் கூடாது. கார் விற்பவர் இதைச் சொல்ல மாட்டார், அது அவர் வேலையும் இல்லை. சொத்து முகவர் சொல்வார், ஆனால் நீங்கள் அவரிடம் போவது இரண்டு வருடம் கழித்து.

ஒரு விதிவிலக்கு உண்டு. கட்டுமான நிறுவனத்திடமிருந்து நேரடியாக எக்சிகியூட்டிவ் கொண்டோ (வருமான வரம்போடு விற்கப்படும் கொண்டோ வகை) வாங்குவதாக இருந்தால் எம்எஸ்ஆர் என்ற இன்னொரு விதி வரும், வீட்டுத் தவணை மட்டும் வருமானத்தில் 30 விழுக்காட்டுக்குள், உங்களுக்கு 3,450. அப்போது எப்படியும் அதற்கு மேல் போக முடியாது, ஆகவே கார் கடன் உங்கள் வீட்டுக் கடனை அவ்வளவாக உரசாது, எஸ்3 எடுத்தால்கூட 290 வெள்ளி இடைவெளி இருக்கும். ஆனால் படிப்புக் கடனோ தனிநபர் கடனோ ஒன்று இருந்தால் அந்த இடைவெளி போச்சு. எதுவாக இருந்தாலும் விலையில் குறைந்தது 5 விழுக்காடு ரொக்கமாகவே கட்ட வேண்டும், மசேநிதியிலிருந்து எடுக்க முடியாது, அந்த ரொக்கத்தைத்தான் இப்போது காரில் போடப் பார்க்கிறீர்கள்.

கார் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் மனைவி, துவாஸுக்குப் போகும் நீங்கள், கையில் குழந்தை, கார் உங்களுக்கு நிஜமாகவே உதவும். அதுவும் ஜிடிஐ ஒரு நல்ல ஆசை, 1976-லிருந்து வந்துகொண்டிருக்கிற கார், ஓட்டிப் பார்த்தவர்கள் ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. அதனால் நான் சொல்வது, பழைய ஜிடிஐ ஒன்று பாருங்கள், 2019 வாக்கில் பதிவான ஏழாம் தலைமுறைக் கார், சிஓஇ 2029 வரை ஓடும். அந்த வயதுக் கார்களுக்கு 60,000 உச்சவரம்பும் கிடையாது, ஓஎம்வி 30,000 என்றால் அன்றைய விதிப்படி ஏஆர்எஃப் 34,000, பத்தாம் வருடத்தில் 17,000 உங்கள் கைக்கு வரும். கேட்கும் விலையிலிருந்து அந்தத் திரும்ப வரும் தொகையைக் கழியுங்கள், மீதமுள்ள வருடங்களால் வகுங்கள், வருகிற எண்ணைப் புது ஜிடிஐ-யின் 23,080 பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதைவிட நன்றாகக் குறைந்திருந்தால் மட்டும் வாங்குங்கள். கடனைச் சின்னதாக, இரண்டு வருடத்துக்குள் முடிகிற மாதிரி எடுத்து, கொண்டோவுக்கு விண்ணப்பிக்கும் முன் அடைத்துவிட்டால் டிடிஎஸ்ஆர் கணக்கில் அது வரவே வராது.

பழைய கார் பார்க்கும்போது வெளி மெக்கானிக் ஒருவரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இந்த எஞ்சினில் தண்ணீர் பம்ப்பும் தெர்மோஸ்டாட் பகுதியும் கசிவது பலருக்கும் வந்த குறை, மாற்றியாயிற்றா என்று கேளுங்கள். டிஎஸ்ஜி ஆயில் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று பாருங்கள், "மாற்றியாச்சு" என்ற வாய்ச்சொல் போதாது. எஞ்சின் சக்தியைக் கூட்ட மென்பொருள் ஏற்றிய கார் என்றால் விட்டுவிடுங்கள், ஜிடிஐ-யில் அப்படி நிறைய உண்டு.

இதையெல்லாம் படித்த பிறகும், கொண்டோ வேண்டாம், இதே வீட்டில் பையன் பள்ளி போகும் வரை இருப்போம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தால், அது நல்ல முடிவுதான், புது ஜிடிஐ தாங்கும். அவசரத்துக்கு 30,000-மாவது தொடாமல் வைத்துவிட்டு மிச்சத்தில் முன்பணம் போடுங்கள். உங்கள் கணக்கில் சரியாக 800 வெள்ளி இடிக்கிறது, அதற்குள் சேர்த்துவிடலாம்.

புதுக் கார் என்றால் ஒப்பந்தத்தில் ஒன்றைக் கவனியுங்கள். உங்களுக்குச் சொன்ன விலை சிஓஇ 120,000 என்று வைத்துப் போட்டது. ஏலம் மாதம் இரண்டு முறை நடக்கிறது, 2023 அக்டோபரில் பி பிரிவு 150,000-ஐயே தாண்டியது. சிஓஇ ஏறினால் கூடுதல் தொகையை யார் கட்டுவது, இறங்கினால் வித்தியாசம் உங்களுக்குத் திரும்புமா, எத்தனை ஏலம் வரை முயல்வார்கள், கிடைக்காவிட்டால் முன்பணம் முழுசாகத் திரும்புமா, இந்த நான்குக்கும் பதில் எழுத்தில் இருக்க வேண்டும். விற்பவர் வாட்ஸ்அப்பில் "நோ ப்ராப்ளம் சார்" என்று அனுப்பியது கணக்கில் சேராது. அப்புறம் கார் கடனை அவர்களிடமே எடுத்தால்தான் இந்த விலை என்று சொன்னால், வெளி வங்கிக் கடனோடு என்ன விலை என்று தனியாகக் கேட்டு, இரண்டையும் ஏழு வருட மொத்தத் தொகையாகக் கூட்டிப் பாருங்கள். விரும்பினால் அந்த இரண்டு தாளையும் எனக்கு அனுப்புங்கள், கையெழுத்துப் போடும் முன் பார்த்துச் சொல்கிறேன்.